ஆமையும் தேனீயும்: இளஞ்சிறார்க்கான கணிமைச் சிந்தனைக் கருவிகளில் இயற்கை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கணிமைச் சிந்தனை என்னும் தொடர் கடந்த இருபது ஆண்டுகளாகக் கல்வியுலகில் பரவலாக வழங்கி வருகின்றது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜெனெட் விங் 2006ஆம் ஆண்டு எழுதிய சிறு கட்டுரை ஒன்று இத்தொடரை உலகறியச் செய்தது. ஒரு சிக்கலைச் சிறு கூறுகளாகப் பகுத்தல், கூறுகளிடையே ஒப்புமை காணல், வேண்டாதன விலக்கி வேண்டியன கொள்ளல், தீர்வைப் படிமுறையாக வகுத்தல், பிழை கண்டு களைதல் ஆகியவற்றை இதனுள் அடக்குவர். மலேசியாவில் 2017ஆம் ஆண்டு முதல் திருத்தப்பெற்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இச்சிந்தனை இடம்பெறலாயிற்று. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிளேமேக்கர் திட்டத்தின்வழி, பீ-பாட், கிபோ முதலிய விளையாட்டுக் கருவிகள் பாலர் பள்ளிகளைச் சென்றடைந்தன.

இதனைக் 'கணினிச் சிந்தனை' என்று வழங்குவாரும் உளர். அவ்வாறு கூறின், கணினியைப் போலச் சிந்தித்தல் என மாணவர் பொருள் கொள்ளக்கூடும். மனிதர் சிந்திப்பதைப் பற்றியதே இது. ஆதலின் இக்கட்டுரையில் நாம் 'கணிமை' என்னும் சொல்லையே ஆள்கின்றோம்.

இளஞ்சிறார்க்கென உருவான கருவிகளை வரிசையாக வைத்து நோக்கினால் ஒன்று கண்ணிற்படும். ஆமை, தேனீ, கம்பளிப்புழு, பூனை எனப் பல கருவிகள் உயிரினங்களின் உருவைத் தாங்கி நிற்கின்றன. குழந்தையைக் கவர்வதற்காக விற்பனையாளர் பூட்டிய வேடமே இது என ஒதுக்கிவிடுவது எளிது. சில கருவிகளைப் பொறுத்தவரை அதுவே உண்மையுமாகும். எனினும், இவற்றின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்று காணுங்கால், இயற்கை இக்கருவிகளுள் இருவேறு வாயில்கள் வழி புகுந்துள்ளமை புலனாகின்றது. ஒன்று உருவம், மற்றொன்று இயங்குமுறை. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணாமையால் வகுப்பறையில் விளையும் இழப்பு சிறிதன்று என்பது நம் கருத்து.

காட்டிலிருந்து வந்த கனசதுரம்

இவ்வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கணினி தோன்றிய காலத்திலிருந்தே தொடங்குதல் முறை என்பார் பலர். நாம் ஒரு நூற்றாண்டு முன்னே செல்ல விழைகின்றோம்.

ஜெர்மானிய நாட்டுத் துரிங்கியப் பகுதியில் 1782ஆம் ஆண்டு பிறந்த ஃபிரீட்ரிக் ஃபுரோபல், இளமையில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். பின்னர் பெர்லின் நகரில், படிகவியலின் முன்னோடியருள் ஒருவரான வைஸ் என்பாரின்கீழ்ப் படிகங்களை வகைப்படுத்தும் பணியில் ஈடுபட்டார். ஒழுங்கற்றதாகத் தோன்றும் கல்லினுள்ளும் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பு உண்டு என்பதை அங்கு அவர் கண்டார். 1837ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளஞ்சிறார்க்கான நிறுவனம் ஒன்றை அமைத்து, 1840ஆம் ஆண்டு அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரைச் சூட்டினார்.

அவர் குழந்தைகளுக்கென வகுத்த பொருள்கள் 'கொடைகள்' எனப்படும். முதற்கொடை நூலாலான மெல்லிய பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய ஒரு கனசதுரம். இம்மூன்றாம் கொடையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். குழந்தை முழுமையைப் பிரிக்கின்றது. பிரித்தவற்றைக் கொண்டு நாற்காலியோ வாயிலோ அமைக்கின்றது. மீண்டும் முழுமையாகச் சேர்த்துப் பெட்டியுள் வைக்கின்றது. பகுத்தலும் தொகுத்தலுமாகிய இச்செயலை நாம் இன்று கணிமைச் சிந்தனையின் முதற்கூறாகக் கற்பிக்கின்றோம். ஃபுரோபலின் கனசதுரத்தில் விலங்கு முகம் எதுவும் வரையப்படவில்லை. ஆயினும் அது படிகத்தினின்று பிறந்தது. உருவத்தால் அன்றி முறையால் இயற்கையைத் தழுவிய முதற் கருவிகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

பிரஷ்ய அரசு 1851ஆம் ஆண்டு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே ஃபுரோபல் மறைந்தார். தடை 1860ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. ஸ்கிராட்ச் நிரல்மொழியை 2007ஆம் ஆண்டு வெளியிட்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்குழு தனக்கு 'வாழ்நாள் கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டுக்கொண்டமை, அந்தப் பழைய தொடர்பை அதன் ஆய்வாளர்கள் மறவாமையைக் காட்டும்.

பிரிஸ்டல் நகரத்து ஆமைகள்

ஆமை இவ்வரலாற்றுள் நுழைந்தது குழந்தைகளின் பொருட்டன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பர்டன் நரம்பியல் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய கிரே வால்ட்டர், மூளையின் மின்னலைகளை ஆராய்ந்தவர். மூளையின் திறம் நரம்பணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததா, அவை தம்முள் இணைந்துள்ள முறையைப் பொறுத்ததா என்னும் வினா அவரை அலைக்கழித்தது. விடை காணும் பொருட்டு 1948, 1949ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்னும் இரண்டு இயந்திர ஆமைகளை உருவாக்கினார். மூன்று சக்கரம், ஓர் ஒளியுணரி, ஒரு தொடு உணரி, மூளைக்கு ஈடாக இரண்டே வெற்றிடக் குழல்கள். இவ்வளவே அவற்றின் உடைமை.

அவை செய்தனவோ பல. மெல்லிய ஒளியை நாடிச் சென்றன. ஒளி மிகுந்தால் விலகின. தடை எதிர்ப்பட்டால் பின்வாங்கிச் சுற்றிச் சென்றன. மின்கலம் தளர்ந்தபோது விளக்கு எரியும் கூட்டினுள் மீண்டு மின்னூட்டம் பெற்றன. எளிய விதிகள் சில கூடுமிடத்து உயிருடையன போன்ற நடத்தை தோன்றும் என்பதை 1951ஆம் ஆண்டு பிரிட்டன் விழாவில் மக்கள் நேரிற் கண்டனர். இவ்வாமைகளின் ஓடு வெறும் உறை; அதனைக் கழற்றிவிட்டாலும் ஒளி நாடும் இயல்பு மாறுவதில்லை. (ஓடு தடையில் மோதும்போதுதான் தொடு உணரி செயற்படும் என்பதால், முற்றும் பயனற்றது என்று கூறவும் இயலாது.)

வரையும் ஆமை

செமூர் பேப்பர்ட் 1928ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரிற் பிறந்த கணிதவியலார். ஜெனீவா நகரில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் அமெரிக்கா சென்றார். வாலஸ் ஃபூர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் இணைந்து அவர் 1967ஆம் ஆண்டு லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். தொடக்கத்தில் லோகோவில் ஆமை இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. சொற்களையும் தொடர்களையும் கையாளும் மொழியாகவே அது பிறந்தது. சில ஆண்டுகள் கழித்தே, தரையில் ஊர்ந்து தாளில் கோடு வரையும் ஆமையும், பின்னர்த் திரையில் ஊரும் ஆமையும் சேர்ந்தன. பெயர் கிரே வால்ட்டரின் ஆமைகளை நினைவுகூர்வது.

பெயர் ஒன்றாயினும் இயல்பு தலைகீழாக மாறிற்று. பிரிஸ்டல் ஆமை யார் சொல்லையும் கேட்பதில்லை; தானே உணர்ந்து தானே செல்லும். லோகோ ஆமையோ சொன்னதை மட்டும் செய்யும். தொடு உணரி பொருத்திய லோகோ ஆமைகளும் இருந்தன. எனினும் வகுப்பறையில் நிலைபெற்றது கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஆமையே. அவ்வாறாயின் இதில் இயற்கை எங்கே உள்ளது? உருவம் மட்டும்தானே எஞ்சியது என ஐயுறலாம்.

விடை குழந்தையின் உடலில் உள்ளது. ஆமைக்குத் தெரிந்தவை இரண்டே: தான் நிற்கும் இடம், தான் நோக்கும் திசை. நூறு அலகு முன் செல்லுதல், தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்புதல் ஆகிய இரண்டையும் நான்கு முறை செய்தால் சதுரம் பிறக்கும். இதனைக் குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுந்து நின்று, தான் சதுரமாக நடந்தால் என்ன செய்வோம் என்று நடந்து பார்த்தால் போதும். வட்டம் வேண்டுமா? சிறிது முன் சென்று சிறிது திரும்புதலைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். மையமும் ஆரமும் அறியாத சிறுவனும் வட்டத்தின் இயல்பை இவ்வாறு தன் காலால் அறிகின்றான். பேப்பர்ட் தம் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலில் (1980) இதனை உடலோடு இயைந்த கற்றல் என விளக்குவார். சிறுவயதில் பற்சக்கரங்களின்பால் தமக்கிருந்த பற்றே கணிதத்திற்கு வழிகாட்டிற்று என அந்நூலின் முன்னுரையிற் கூறும் அவர், அச்சக்கரங்களைப் போன்ற ஒன்றை எல்லாக் குழந்தைகளுக்கும் வழங்க விழைந்தார். கணிமைச் சிந்தனை என்னும் தொடரும் அந்நூலிலேயே இடம்பெற்றுவிட்டது; விங் அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் பிற்பட்டவர்.

அந்நூலில் வரும் மலர் எடுத்துக்காட்டு ஆசிரியர்கள் அறியவேண்டிய ஒன்று. கால்வட்டம் வரையும் செயல் ஒன்றை வகுத்துக்கொண்டு, இரண்டு கால்வட்டங்களைச் சேர்த்தால் இதழ் கிடைக்கும். இதழ்களைச் சுழற்றி அடுக்கினால் மலர். மலரோடு தண்டும் இலையும் சேர்ந்தால் செடி. செடிகள் பலவானால் தோட்டம். இதழில் ஒரு நுட்பம் உண்டு. முதற் கால்வட்டம் முடிந்தவுடன் இரண்டாவதைத் தொடர்ந்து வரைந்தால் இதழ் வாராது, அரைவட்டமே வரும். ஆமை முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட திசைக்கே மீள 360 பாகை திரும்புதல் வேண்டும். இரண்டு கால்வட்டங்களிலும் 180 பாகை போக, எஞ்சிய 180 பாகையை இரு முனைகளிலும் பகிர்ந்தால் முனைக்குத் தொண்ணூறு. பிழையான படத்தைக் கண்டு, ஏன் பிழைத்தது எனச் சிந்திக்கும் குழந்தை இவ்வுண்மையைத் தானே கண்டடையக்கூடும். இங்கு மலர் அழகுக்காக வந்ததன்று. பெரிய ஒன்று சிறியவற்றால் ஆனது என்பதை மலரினும் தெளிவாகக் காட்டும் பொருள் குழந்தையின் கைக்கு எட்டிய தொலைவில் வேறில்லை.

எழுத்தறியாக் குழந்தை

லோகோவின் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய எழுத்தறிவு வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு என் செய்வது? 1970களின் நடுப்பகுதியில் இவ்வினாவை எழுப்பி விடையும் கண்டவர், அப்பொழுது மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன். முதலில் பொத்தான்கள் கொண்ட பெட்டிகளை அமைத்தார். பின்னர், படம் வரைந்த அட்டைகளைச் செருகும் நீண்ட வண்ணப் பெட்டிகளை அமைத்தார். அட்டைகளை வரிசையாகச் செருகிப் பொறியை இயக்கினால் ஆமை அவ்வரிசைப்படி நகரும். எந்த அட்டை செயற்படுகின்றதோ அதனருகே விளக்கு எரியும். ஒரு வண்ணப் பெட்டியின் வரிசையில் மற்றொரு பெட்டியை அழைக்கும் அட்டையையும் செருகலாம். நிரல், துணைநிரல், தன்னைத் தானே அழைக்கும் நிரல் ஆகிய யாவும் எழுத்தறியாக் குழந்தையின் கையில் பொருளாக நின்றன.

இவ்வாய்வு தொடரவில்லை. சிறு குழந்தைகளோடு பணியாற்றினால் அறிவியலாளராக மதிக்கப்பெறுவோமா என்ற தயக்கம் தமக்கு இருந்ததாகப் பெர்ல்மன் பின்னாளில் கூறியுள்ளார். அவர் கணினி வலையமைப்புத் துறைக்குச் சென்று, 1985ஆம் ஆண்டு வலையமைப்புகளின் இணைப்பு நெறி ஒன்றை வகுத்துப் பெரும்புகழ் எய்தினார். மரக்கட்டைகளை வரிசைப்படுத்தி நிரலாக்கும் கிபோ, அட்டைகளுக்கு ஈடான கட்டங்களைக் கொண்ட ஸ்கிராட்ச்ஜூனியர் முதலியன பரவலாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. பாலர் கல்வியை இரண்டாந்தரப் பணியாகக் கருதும் மனப்பாங்கு அறிவியலுக்கு எத்துணை இழப்பை உண்டாக்கிற்று என்பதை எண்ணி வருந்தாமல் இருக்க இயலவில்லை. இம்மனப்பாங்கு நம் பல்கலைக்கழகங்களை விட்டும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

கறையான், பாசி, கோலம்

பிரிஸ்டல் ஆமையின் உண்மையான வழித்தோன்றல் வேறொரு கிளையில் வளர்ந்தது. பேப்பர்ட்டின் மாணவர் மிட்செல் ரெஸ்னிக் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒருங்கே இயங்கும் ஸ்டார்லோகோ என்னும் மொழியை உருவாக்கி, 1994ஆம் ஆண்டு அதுபற்றி நூல் எழுதினார். அதில் வரும் கறையான்களுக்கு விதிகள் மிகச் சில. மனம்போனவாறு திரிக, சுமையின்றி வருகையில் மரத்துண்டு எதிர்ப்பட்டால் எடுத்துக்கொள்க, சுமையோடு வருகையில் மற்றொரு துண்டு எதிர்ப்பட்டால் சுமையை அதனருகே இறக்குக. இவ்வளவே. சிதறிக் கிடந்த துண்டுகள் சிறிது நேரத்தில் குவியல்களாகும். ஆணையிட அரசியும் இல்லை, வரைபடமும் இல்லை. ஒழுங்கு இருந்தால் அதனை ஏற்படுத்திய தலைவர் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடம் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை ரெஸ்னிக் எடுத்துக்காட்டினார். ஆயின் இவை உயர்நிலை மாணவர்க்குரியன. பாலர் வகுப்புக்கு இவ்வழியில் வந்த கருவிகள் சிலவே.

தமிழாசிரியர்க்கு நெருக்கமான இழை ஒன்றும் இங்கே உண்டு. ஹங்கேரியிற் பிறந்து நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய உயிரியலார் அரிஸ்டிட் லிண்டன்மேயர், 1968ஆம் ஆண்டு பாசி போன்ற எளிய உயிர்களின் வளர்ச்சியை எழுத்து விதிகளாகக் காட்டினார். முதிர்ந்த உயிரணு ஒரு முதிர்ந்ததும் ஓர் இளையதுமாகப் பிரியும், இளையது முதிரும். இவ்விரு விதிகளை மீண்டும் மீண்டும் செலுத்தினால் உயிரணுக்களின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8, 13 என வளரும். (இவ்வரிசையை ஃபிபனாச்சியின் பெயரால் வழங்குவர், யாப்பு ஆராய்ச்சியினூடே விரகாங்கரும் ஹேமசந்திரரும் அவர்க்கு முன்னரே இதனைக் கண்டமை இந்தியவியலார் அறிந்ததே.)

ஏறத்தாழ அதே காலத்தில், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கும் ஆய்வை மேற்கொண்டனர். அது 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. சிறிய கோலத்திற்குரிய விதியே பெரிய கோலத்தையும் பிறப்பிக்கும் என்பது அதன் சாரம். 1980களில் பிரிசெமிஸ்லாவ் புருசின்கிவிச் என்னும் அறிஞர் லிண்டன்மேயரின் எழுத்து விதிகளை லோகோ ஆமைக்குரிய கட்டளைகளாகப் பொருள்கொண்டு, செடிகளையும் கொடிகளையும் திரையில் வளரச் செய்தார். அவர் தம் எடுத்துக்காட்டுகளுள் கோலங்களையும் சேர்த்துக்கொண்டார். இவ்வாறு பிரிஸ்டலில் தொடங்கிய ஆமை, பாசியின் வளர்ச்சி விதியைக் கற்று, நம் வாசற்கோலத்தை வரையலாயிற்று.

இச்செய்தியை ஆசிரியர் கூட்டங்களில் கூறும்போதெல்லாம், நம் முன்னோர் அன்றே நிரலாளர் என்று பெருமிதம் கொள்ளும் குரல் ஒன்று எழும். அது வரலாறன்று. கோலமிட்ட பெண்டிர் நிரல் எழுதவில்லை. அவர்தம் கைமுறையில் ஒழுங்கு இருந்தது, அவ்வொழுங்கைப் பின்வந்த அறிஞர் கணிமையின் மொழியிற் பெயர்த்தனர். இவ்வளவு கூறினாலே போதிய பெருமை உண்டு. பொங்கலன்று புள்ளி வைத்துக் கோலமிடும் சிறுமியிடம், ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளியாக்க எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டா என்று கேட்பது, வீண் பெருமிதத்தினும் பயன் தரும்.

கடைக்கு வந்த தேனீ

இன்று பாலர் வகுப்புகளில் மிகுதியாகக் காணப்படும் பீ-பாட் இங்கிலாந்தில் உருவான கருவி. மஞ்சளும் கறுப்புமான தேனீ வடிவம்; முதுகில் முன், பின், இடம், வலம் என்னும் அம்புக்குறிப் பொத்தான்கள்; நடுவே இயக்கும் பொத்தான். ஒவ்வோர் அடியும் 15 செண்டிமீட்டர். ஒவ்வொரு திருப்பமும் தொண்ணூறு பாகை. இதன் முந்தைய வகைகள் நாற்பது கட்டளைகள் வரை நினைவிற்கொண்டன. இதனை நாம் குறை கூறவில்லை. பெர்ல்மனின் பொத்தான் பெட்டியை ஆமையின் முதுகிலேயே ஏற்றி வைத்தாற்போன்ற நல்ல அமைப்பு இது.

வகுப்பில் நேரும் இரண்டு தடுமாற்றங்களை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். வலப் பொத்தானை அழுத்தினால் தேனீ வலப்பக்கக் கட்டத்திற்குச் செல்லும் எனக் குழந்தை எதிர்பார்க்கின்றது. அது நின்ற இடத்திலேயே திரும்புகின்றது. அடுத்து, பழைய கட்டளைகளை அழிக்காமல் புதியன அழுத்தப்படும்பொழுது, தேனீ பழையவற்றையும் சேர்த்துச் செய்கின்றது. தேனீ சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று குழந்தை குறைப்படுகின்றது. இரண்டும் அரிய கற்றல் வாய்ப்புகள். முன்னதற்குக் குழந்தையைத் தேனீ நோக்கும் திசையில் நிற்கச் செய்து திரும்பச் சொன்னால் போதும். நாம் அறிந்த பள்ளி ஒன்றிலோ, குழந்தைகள் தவறாக அழுத்துகின்றனர் என்பதற்காக ஆசிரியரே பொத்தான்களை அழுத்திக் காட்டிவிட்டுத் தேனீக்களை அலமாரியுள் பூட்டி வைத்தனர். ஓராண்டு கழித்துச் சென்றபொழுது மின்கலங்கள் கசிந்திருந்தன.

எனினும் இக்கருவியில் தேனீ என்பது வண்ணப்பூச்சு மட்டுமே. அதனைத் தவளையாக மாற்றினும் எதுவும் மாறாது. 2016ஆம் ஆண்டு ஃபிஷர்-பிரைஸ் வெளியிட்ட கம்பளிப்புழு பொம்மையில் உருவத்திற்குச் சிறிது வேலை உண்டு: உடலின் ஒவ்வொரு கணுவும் ஒரு கட்டளை, கணுக்களைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் செல்லும் வழி மாறும். வரிசையே உடலாக நிற்பதால் குழந்தை தன் நிரலைக் கண்ணால் காண்கின்றது. தேனீயிடம் அது இல்லை. அழுத்திய கட்டளைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைந்துவிடுகின்றன.

வியப்பு என்னவெனில், உண்மைத் தேனீயிடம் ஆமைக்குரிய அறிவு முழுவதும் உள்ளது. ஆஸ்திரிய அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீக்களின் நடனத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மலர் கண்டு மீண்ட தேனீ, இருண்ட கூட்டினுள் செங்குத்தான அடையின்மேல் வாலை அசைத்தவாறு நேர்க்கோட்டில் ஓடுகின்றது. அக்கோடு செங்குத்துத் திசையினின்று எத்துணைப் பாகை சாய்கின்றதோ, மலர் கதிரவனின் திசையினின்று அத்துணைப் பாகை விலகி உள்ளது. வாலசைத்து ஓடும் நேரம் நீளுந்தோறும் தொலைவு மிகும். எத்துணைத் திரும்புவது, எத்துணைத் தொலைவு செல்வது என்னும் இரண்டு செய்திகளே அந்நடனம். லோகோ ஆமைக்குரிய கட்டளைகளும் இவ்விரண்டே. கருவியை வடிவமைத்தவர் தேனீயின் வரிகளை எடுத்துக்கொண்டு நடனத்தை விட்டுவிட்டார்.

தமிழிற் கட்டளையிடுதல்

தமிழில் இக்கருவிகளைக் கற்பிக்கும்பொழுது எழும் சில சிக்கல்கள் ஆங்கில நூல்களில் கிட்டா. 'இடம் திரும்பு' என்றால் ஐந்து வயதுக் குழந்தை எந்த இடத்தில் என்று கேட்கும். 'இடப்பக்கம்', 'இடக்கைப் பக்கம்' எனக் கூறுதலே நன்று. லோகோ முதலில் வினையையும் பின்னர் அளவையும் கேட்கும். தமிழில் 'மூன்று அடி முன் செல்' என வினை இறுதியில் நிற்கும். குழந்தை தன் மொழியின் போக்கில் கூறுவதைத் திருத்த வேண்டுவதில்லை. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாக வருவதைக் காணலாம்; 'மழை பெய்தால் குடை எடு' என நாம் பேசும் முறைக்கு அது ஒத்தது. அம்மொழியில் ஆமை வரைகலையும் உண்டு. ஆயினும் அது தட்டச்சு அறிந்த மாணவர்க்குரியது. பாலர்க்கு ஆசிரியரின் வாய்மொழியே நிரல்மொழி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கான பயிலரங்கு ஒன்றில் தேனீயின் நடனத்தைக் கருவி எதுவுமின்றி நடத்திப் பார்த்தோம். மண்டபத்தின் ஒரு சுவரில் விளக்கு ஒன்றைக் கதிரவனாகக் கொண்டோம். ஒருவர் வெளியே நிற்க, தாள்மலர் ஒன்று மேசைகளிடையே மறைக்கப்பெற்றது. மலரைக் கண்டவர் கரும்பலகையில் ஒரு சாய்கோடு வரைந்தார். கோட்டின் மேல்முனை விளக்கின் திசை எனக் கொள்ளப்பட்டது. பின்னர் எத்துணை அடியோ அத்துணை முறை இடுப்பை அசைத்துக் காட்டினார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. வெளியே நின்றவர் வந்து, கோட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். முதன்முறை மலர் அகப்படவில்லை. ஆடியவரின் அடி நீளம், நடந்தவரின் அடி குறுகியது. இரண்டாம் முறை இருவரும் ஓர் அளவை ஒத்துக்கொண்டனர். ஆனால் ஆடியவர் வலத்தை இடமாக வரைந்துவிட்டார். மூன்றாம் முறை மலர் கிடைத்தது.

அப்பொழுது மூத்த ஆசிரியை ஒருவர், விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கின்றது, கதிரவன் அவ்வாறு நிற்பதில்லையே, தேனீ என் செய்யும் என்று வினவினார். தேனீ கதிரவனின் நகர்வையும் கணக்கிற்கொண்டு நடனத்தின் கோணத்தை மாற்றிக்கொள்கின்றது என்பதை ஃபான் ஃபிரிஷும் அவர்தம் மாணவரும் காட்டியுள்ளனர் என்றோம். அவர் எழுந்து சென்று விளக்கைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டு, மலர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இப்பொழுது ஆடுங்கள் என்றார்.